மகள் பதிவு செய்த அறை

பதினோரு மணிக்கு ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிப் போவார். இரண்டு மணிக்கு இன்னொருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறி வருவார். நடுவில் இருக்கிற மூன்று மணி நேரத்தில், முன்னவர் அங்கே தங்கியதற்கு எந்த அடையாளமும் இல்லாமல் செய்வது அவள் வேலை. தலையணை உறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவினாள். அப்படி உருவினால் முடி பறக்காது. குளியலறைச் சல்லடையைத் தூக்கி, கொண்டை ஊசியால் கிளறி, ஈர முடிச் சுருளை இழுத்துக் காகிதத்தில் மடித்தாள். விரிப்பை நான்கு மூலையிலும் கடித உறை போல மடித்துச் செருகினாள். கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று விரல் ரேகை தெரிகிறதா என்று பார்த்தாள். கடைசியாக ஒவ்வொரு மூலையையும் ஃபோனில் படம் எடுத்து வீட்டுக்காரிக்கு அனுப்பினாள். ஒரு முடி கிடந்தால் வருகிறவர் போடும் மதிப்பெண்ணில் ஒரு நட்சத்திரம் போகும். நட்சத்திரம் போனால் அன்றைய கூலியில் பாதி போகும்.

வீட்டுக்காரியை எல்லோரும் மூணாம் மாடி அக்கா என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் மாடியில் இருக்கும் மூன்று வீடுகளும் அந்த அம்மாவுடையவை. மூன்றையும் ஒரு செயலியில் போட்டு நாள் வாடகைக்கு விடுகிறாள். சுத்தம் செய்பவள் குடியிருப்பது இரண்டாம் மாடியில். ஒரு கூடம், ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஓர் அறை. அந்த அறை மகளுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் வேறு நாட்டில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். போவதற்கு ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் சங்கத்தில் வாங்கிய கடன். அதே வருஷம் அப்பாவுக்குக் கண் மங்கியது. நாற்பது வருஷம் வெல்டிங் தீப்பொறியைப் பார்த்த கண். இன்றும் தெருவில் அவரை வெல்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அக்கா சொல்லித்தான் மகளின் அறையையும் செயலியில் போட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கூடத்துக்கு வந்தார்கள். கூடத்தில் இருந்த அலமாரி சமையலறைக்குப் போயிற்று. அறை கொண்டுவந்த பணம் மாசத் தவணைக்குச் சரியாக இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டு, லீவு கிடைத்துவிட்டது என்றாள். பயணம் போக, பத்து ராத்திரி வீட்டில் இருக்கலாம். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

அன்று மாலையே அவள் மாடிக்குப் போய், காலண்டரில் அந்தப் பத்து நாளையும் எப்படி மூடுவது என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா கையிலிருந்த காய்கறிக் கத்தியைக் கீழே வைத்தாள். போன வருஷம் சுண்ணாம்பு அடிக்க ஒரு வீட்டை இரண்டு வாரம் மூடி வைத்ததையும், திறந்த பிறகு ஒன்றரை மாசம் ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்காததையும் சொன்னாள். மூடினால் செயலி கோபித்துக்கொள்கிறது. முதல் பக்கத்தில் இருந்த வீட்டை ஒன்பதாம் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஒன்பதாம் பக்கம் வரைக்கும் யார் பார்க்கிறார்கள்? போதாததற்கு அவள் அறையின் பெயருக்குப் பக்கத்தில், நல்ல இடம் என்று செயலி கொடுத்த ஒரு சிறிய முத்திரை இருந்தது. இந்தப் பருவத்துக்குள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கும் பதிவு ஒன்றாவது வந்து நல்ல மதிப்பெண் விழாவிட்டால் அது போய்விடும்.

இதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னாள். அப்படியானால் நானே பதிவு செய்கிறேன் என்றாள் மகள்.

"பெத்த பொண்ணுகிட்ட வாடகை வாங்கச் சொல்றியா?"

"வாடகைன்னு ஏன்மா நினைக்கிற. மாசாமாசம் அனுப்புறேன்ல, அது இந்தத் தடவை இந்த வழியா வருது. உனக்கும் முத்திரை போகாது. நான் வந்து ஹாயா கால நீட்டிப் படுத்துக்கறேன்."

அவள் வேண்டாம் என்றாள். வெல்டரும் வேண்டாம் என்றார். அதற்கு மறுநாளே, மாடியில் குளியலறை தேய்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் மணியடித்தது. உங்களுக்கு ஒரு புதிய விருந்தினர், பத்து இரவுகள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படத்தைத் தொட்டாள். வேலைச் சட்டை போட்ட மகள். கழுத்து வரை முடியை வெட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் பேசுவாள். அதனால் முடி வெட்டியது அம்மாவுக்குத் தெரியாது.

கட்டண விஷயத்தில் அம்மாவும் மகளும் முதலில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். அம்மாவின் ஃபோன், உங்களுக்கு வரப்போவது ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று என்றது. மகளோ பதினோராயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு கட்டியிருக்கிறேன் என்றாள். ஏதோ ஒரு பொத்தானைத் தப்பாக அமுக்கிவிட்டதாக மகள் அம்மாவைச் சொன்னாள். அவசரத்தில் யாருக்கோ சேர்த்துக் கட்டிவிட்டதாக அம்மா மகளைச் சொன்னாள். கடைசியில் இரண்டு பேரும் அவரவர் ஃபோனில் விவரம் என்ற இடத்தைத் திறந்து வரிவரியாகப் படித்தார்கள். வெல்டர் பழைய ரசீதின் பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டார்.

ராத்திரிக்கு ஆயிரம், பத்து ராத்திரிக்குப் பத்தாயிரம். சுத்தம் செய்ய முந்நூறு. இதுவரைக்கும் இரண்டு ஃபோனும் ஒன்றாகத்தான் பேசின. அதற்குக் கீழே மகளின் ஃபோனில், விருந்தினர் சேவைக் கட்டணம் என்று நூற்றுக்குப் பதினான்கு ஏறியிருந்தது. அம்மாவின் ஃபோனில், விருந்தளிப்பவர் சேவைக் கட்டணம் என்று நூற்றுக்கு மூன்று இறங்கியிருந்தது. மகளின் வரி அம்மாவுக்குத் தெரியவில்லை. அம்மாவின் வரி மகளுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக அந்த அறைக்கு வந்த அத்தனை பேரும் தான் போட்ட விலையைத்தான் கொடுத்தார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். இந்த ரூமுக்கு இந்த விலை அதிகம் என்று ஒரு விருந்தினர் எழுதிவைத்துப் போனது ஏன் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. அந்த ஆள் கொடுத்தது ஆயிரம் இல்லை, அதற்கும் மேல்.

வெல்டர் கூட்டிப் பார்த்தார். நடுவில் போனது ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்று.

"வீட்டுத் தரகன்கூட ரெண்டு பக்கமும் கை நீட்டுவான். ஆனா ஒரே தடவைதான். அதுவும் கூட வந்து கதவத் திறந்து காட்டுவான். இவன் யாருன்னே தெரியல, நம்ம பொண்ணு நம்ம வீட்டுல தூங்குறதுக்கு ராத்திரிக்கு ராத்திரி வாங்குறான்."

"அப்பா, எனக்கு அது ரெண்டு நாள் வேலைப்பா. பதினோரு பாட்டிங்களக் குளிப்பாட்டணும்."

"அப்ப ரத்து பண்ணிடு. ஒரு பாட்டி முதுகத் தேய்க்கறதாவது உனக்கு மிஞ்சும்."

அன்றைக்குள் ரத்து செய்தால் சேவைக் கட்டணமும் சேர்த்து முழுப் பணமும் திரும்பும் என்று மகளின் ஃபோனில் இருந்தது. அம்மாவும் அதையேதான் சொன்னாள். முந்நூறு ரூபாய் விஷயம்தான் அவளை அதிகம் உறுத்தியது. உன் அறையைக் கூட்ட உன்னிடமே கூலி வாங்குகிறேனே என்றாள். மகள் சிரித்தாள். ஒழுங்காகக் கூட்டு, இல்லாவிட்டால் நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவேன் என்றாள். ரத்து செய்யவில்லை. அம்மாவுக்கு முத்திரை இருக்கட்டும் என்றாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் மற்ற விருந்தினர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் அவர்களுக்குப் பின்னால் அறையைத் துடைத்துக்கொண்டே மகள் வருவதற்கு வேண்டியதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கொடுத்த படகுப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். சொந்தச் சாமான் எதுவும் அறையில் இருக்கக்கூடாது, வருகிறவர்களுக்கு அது பிடிக்காது என்று அக்கா சொல்லித் தந்திருந்தாள். அந்தச் சாமானெல்லாம் மூன்று வருஷமாக இரண்டு அட்டைப் பெட்டியில் பரணில் கிடந்தன. அவற்றை இறக்கித் துடைத்தாள். ஓரம் உடைந்த கண்ணாடி, பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயக் கோப்பை, மகள் பன்னிரண்டு வயதில் தைத்த ஊசி குத்தும் திண்டு. மகள் வருவதற்கு முந்தின விருந்தினர் போன அன்றே எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தாள். கண்ணாடிக்கு இருந்த ஆணி அப்படியே இருந்தது.

மூன்று நாள் இருக்கும்போது மகள் கூப்பிட்டாள். அது ஞாயிற்றுக்கிழமை இல்லை. பின்னால் துணி துவைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. இல்லத்தில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் வேலையை விட்டுவிட்டார்களாம். மேலாளர் எல்லோருடைய லீவையும் நிறுத்திவிட்டார். மீறிப் போனால் திரும்பி வரவேண்டாம் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். டிக்கெட்டை ஒரு முறை தள்ளிப் போடலாம், எந்தத் தேதிக்கு என்பது தெரியவில்லை.

"எப்பன்னு கேட்டியா?"

"கேட்டேன்மா. பார்க்கலாம்னாங்க."

இயந்திரம் நின்று, தண்ணீர் வடிகிற சத்தம் வந்தது. மகள் மூக்கை உறிஞ்சினாள். துணியை எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பதிவை என்ன செய்வது என்பதை அக்காதான் பிரித்துச் சொன்னாள். அம்மா ரத்து செய்தால் செயலி அபராதம் போடும், முத்திரையும் போகும், பக்கமும் போகும். மகள் ரத்து செய்தால் அவளுக்கு ஒரு காசும் வராது. போன கோடையில் ஒரு குடும்பம் கடைசி நாளில் வரவில்லை என்று சொல்லித் தவணைக்குப் பணம் போதாமல் போனதால், வரும் தேதிக்கு ஒரு வாரத்துக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற கறாரான விதியை அம்மாவேதான் தேர்ந்தெடுத்திருந்தாள். யாருக்கு எதிராக அந்த விதி என்று அன்று யோசிக்கவில்லை. அப்படி ரத்தானால் அது தங்கலாகக் கணக்கில் சேராது, மதிப்பெண்ணும் விழாது.

"யாரும் வாயத் திறக்காதீங்க. வந்த மாதிரியே இருக்கட்டும். தேதி போனதும் பணம் உன் கணக்குக்கு வந்துடும், அத அவளுக்கே திருப்பி அனுப்பு. நடுவுல போனது போனதுதான், அது எப்படிப் பண்ணாலும் வராது."

பிறகு அக்கா குரலைத் தாழ்த்தி, தனக்குத் தெரிந்த ஒருவர் ஆஸ்பத்திரி வேலையாக ஒரு வாரம் வருகிறார், செயலியில் இல்லாமல் கையில் பணம் கொடுப்பார், அந்த அறையில் தங்கவைக்கலாமே என்றாள்.

"இல்லக்கா. அங்க ஆள் இருக்கு."

அக்கா அவளைப் பார்த்தாள். 

மகளிடம் பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னபோது அவள் வாங்க மறுத்தாள். தவணை கட்டு, இல்லாவிட்டால் சங்கத்து ஆள் அப்பாவைத்தான் நடுத் தெருவில் நிறுத்திக் கேட்பான் என்றாள்.

குறித்த நாளில், இரண்டு மணிக்கு, விருந்தினர் இன்று வருகிறார் என்று ஃபோன் சொன்னது. வருகிறவர்களுக்கெல்லாம் தானாகப் போகும் செய்தி மகளுக்கும் போயிற்று. வருக, சாவி இருக்கும் பெட்டியின் எண் இது, படிக்கட்டில் மெதுவாக நடக்கவும், அடுத்த அறையில் வயதானவர் இருக்கிறார். அந்த வயதானவர் வெல்டர்தான். கொஞ்ச நேரம் கழித்து மகளிடமிருந்து ஒரு வரி வந்தது. நன்றி, மெதுவாக நடக்கிறேன்.

அந்தப் பத்து நாளும் அவர்கள் வேறு மாதிரி இருந்திருக்கலாம். கதவைத் திறந்து, கட்டிலில் படுத்து, காலை நீட்டியிருக்கலாம். ஆனால் அறையில் யாராவது இருக்கும்போது எப்படி இருப்பார்களோ அப்படியே இருந்தார்கள். காலையில் குழாயைப் பாதிதான் திறந்தார்கள். வெல்டர் இருமல் வந்தால் சமையலறைக்குப் போய் இருமினார். பாத்திரத்தை அவள் துணி விரித்து வைத்தாள். மூடிய கதவைத் தாண்டும்போது வெல்டர் கையைச் சுவரில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தார். ஒருநாள் கதவருகே நின்று, நேரமாச்சே, இன்னும் எழுந்திருக்கலையா என்று கேட்டார். தன் பெண்டாட்டி முறைத்தது அவருக்குத் தெரிந்திருக்காது. கொஞ்ச தூரம் போய், தூங்கட்டும், அங்கே எங்கே தூங்கவிடுகிறார்கள் என்றார்.

நாலாம் நாள் மதியம் மாடி வேலை சீக்கிரம் முடிந்தது. வெல்டர் கண் மருந்து வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செருகியிருந்த விரிப்பைக் கலைக்காமல் மேலேயே படுத்தாள். மூன்று வருஷத்தில் இந்தக் கட்டிலை எத்தனையோ முறை மடித்து விரித்திருக்கிறாள், படுத்ததில்லை. கூரையில் தண்ணீர்க் கறை இருந்தது. நாலைந்து பேர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் படமே எடுத்துப் போட்டிருந்தார். வெள்ளையடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது. கறை எப்போதிலிருந்து இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே இருந்தது. மகள் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. அவள் எழுந்தபோது விரிப்பில் முதுகின் பள்ளம் விழுந்திருந்தது. கையால் தடவி எடுக்கப் போனவள், எடுக்காமல் வெளியே வந்தாள்.

ஐந்தாம் நாள் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று கணக்கில் ஏறியது. ஆறாம் நாள் சங்கத்துக்குப் போயிற்று.

பதினோராம் நாள் காலை பதினோரு மணிக்கு, உங்கள் விருந்தினர் புறப்பட்டுவிட்டார் என்று ஃபோன் சொன்னது. அன்றைக்கே இரண்டு மணிக்கு வேறொருவர் வருகிறார். கண்ணாடி, கோப்பை, திண்டு மூன்றையும் அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, படகுப் படத்தை மாட்டிவிட்டு, அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெல்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

விருந்தினரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றது ஃபோன். அறையைச் சுத்தமாக வைத்திருந்தாரா? ஐந்து நட்சத்திரமும் போட்டாள். வீட்டு விதிகளை மதித்தாரா? ஐந்து. பேசிப் பழகுவதற்கு எப்படி? அவள் விரல் கொஞ்சம் நின்று, அதற்கும் ஐந்து போட்டது. இந்த விருந்தினரை மறுபடி ஏற்றுக்கொள்வீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. ஆம் என்பதைத் தொட்டாள்.

தொட்டதும் மகள் எழுதியது திறந்தது. இருவரும் எழுதினால்தான் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியும்.

"படி" என்றார் வெல்டர்.

அவள் மெதுவாகப் படித்தாள்.

"நல்ல அறை. ஜன்னல் கதவைக் கடைசியில் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் சாத்தும், பயப்படவேண்டாம். விடியற்காலையில் கீழே ரொட்டிக்கடையிலிருந்து வாசனை வரும், அதற்காகவே ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கலாம். காலைவெயில் முதலில் கால்மாட்டில் விழும், ஏழு மணிக்கு முகத்துக்கு வரும், அலாரம் தேவையில்லை. வீட்டுக்காரர்கள் மிகவும் நல்லவர்கள். எனக்கு இங்கே நன்றாகத் தூக்கம் வந்தது."

ஜன்னலைப் போன வருஷம் மாற்றிவிட்டார்கள், இப்போது ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்ளும். ரொட்டிக்கடை மூடியும் வருஷம் ஒன்றாகிறது. அந்த இடத்தில் இப்போது விருந்தினர்கள் பெட்டிகளை மணிக்கணக்கில் வைத்துப் போகும் கடை இருக்கிறது. ரொட்டிக்கடைக்காரர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. மகளிடம் இதைச் சொல்ல எந்த ஞாயிற்றுக்கிழமையும் தோன்றவில்லை.

"வெயில் மட்டும் சரியாச் சொல்லியிருக்கா" என்றார் வெல்டர்.

ஃபோன் மறுபடி ஒலித்தது. இந்த விருந்தினருக்கு உங்கள் இடம் பிடித்திருக்கிறது. அடுத்த முறைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடியுடன் ஓர் அழைப்பு அனுப்புகிறீர்களா? சேவைக் கட்டணங்கள் வழக்கம்போல் உண்டு.

"என்ன கேக்குது?"

"பாப்பாவ மறுபடி கூப்பிடட்டுமான்னு கேக்குது."

"கூப்பிடேன்."

அவள் தொட்டாள். பத்து இரவுகளுக்கான தேதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் காலண்டர் விரிந்தது. விடுமுறைக் காலம். இன்றைய கட்டத்திலிருந்தே நிறம் தீட்டியிருந்தது. ஒவ்வொரு நீளக் கோட்டின் முனையிலும் வட்டத்துக்குள் பதிவு செய்தவரின் முகம். கறுப்புக் கண்ணாடி போட்டவர், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர், நாயோடு நிற்பவர். அவள் விரலால் மேலே தள்ளினாள். அடுத்த மாதம் வந்தது. அதிலும் முகங்கள். இங்கே இரண்டு நாள், அங்கே மூன்று நாள் என்று வெள்ளைக் கட்டங்கள் கிடந்தன. பத்து நாள் சேர்ந்தாற்போல் எங்கும் இல்லை. வெல்டர் மங்கிய கண்ணோடு குனிந்து ஃபோன் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, எந்த மாசம் கிடைக்கிறது என்று கேட்டார். அவள் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தாள்.